கத்திப் பிடிக்கு மரமா, கொம்பா, பேக்கலைட்டா? உறைக்கு எந்தத் தோல்?

அலகு கைக்கு வந்துவிட்டது. கொல்லர் பட்டறையில் லாரி வில்பட்டையில் அடித்து வாங்கியதாக இருக்கலாம், பிடி இல்லாமல் கடையில் வாங்கியதாக இருக்கலாம், பிளாஸ்டிக் பிடி உடைந்துபோன பழைய சமையல் கத்தியாகக்கூட இருக்கலாம். இனி பிடி போட வேண்டும், உறை தைக்க வேண்டும். இந்த இடத்தில் வந்து நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த மரம் நல்லது, எந்தத் தோல் நல்லது?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அந்தக் கத்தி எங்கே குடியிருக்கப் போகிறது என்று தெரிந்தால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வால்நட்டும் மேப்பிளும் தேடி அலைபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அங்கே செய்பவருக்கு இருக்கும் காற்று வேறு. நமக்கு ஒரே வருடத்தில் ஐப்பசி அடைமழையும் வருகிறது, அக்னி நட்சத்திரமும் வருகிறது. கடலோர ஊர் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் இரும்பைப் பாருங்கள். வில்பட்டை, பழைய அரம், ரம்பத் தகடு ஆகியவற்றில் செய்த கத்தி கார்பன் ஸ்டீல், துருப்பிடிக்கும் ஜாதி. ஸ்டெயின்லெஸ் அலகுக்கு அந்தக் கவலை குறைவு. துருப்பிடிக்கும் அலகாக இருந்தால் பிடியின் உள்பக்கமும் உறையின் உள்பக்கமும் ஈரத்தை எப்படி வைத்துக்கொள்ளும் என்பதே முக்கியமான கேள்வி.

அடுத்தது தண்ணீர். சமையலறைக் கத்தி ஒரு நாளைக்குப் பல தடவை நனையும். தோட்டத்துக் கத்தி வியர்வையிலும் மண்ணிலும் கிடக்கும். அலமாரியில் வைத்துப் பார்க்கிற கத்தி வருடத்துக்கு ஒரு தடவை வெளியே வந்தால் அதிகம்.

அப்புறம் பருவ மாற்றம். மரமும் கொம்பும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பப் பெருக்கும், சுருங்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்குவாக்கில்தான் அசையும். இரும்பு அசைவதே இல்லை. அதனால்தான் மழைக்காலத்தில் வழவழப்பாகத் தேய்த்து முடித்த பிடி கோடையில் சுருங்கி, நடுவில் இரும்பு விளிம்பு உள்ளங்கையில் உறுத்துகிறது.

உங்களிடம் என்ன கருவி இருக்கிறது, தூசியை எங்கே பறக்கவிடப் போகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். பெல்ட் கிரைண்டர் இல்லாமல் ஒரு அரம், ரம்பம், டிரில்லிங் மெஷின், உப்புத்தாள் மட்டும் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து செய்கிறவருக்குச் சில பொருள்கள் ஒத்துவராது. பழுது பார்க்கும் வசதியும் அப்படித்தான். ஐந்து வருடம் கழித்து பிடி ஆடினால் அதைக் கழற்றி மறுபடி போட முடியுமா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். கடைசியாகச் சட்டம். அதைத் தேவையான இடங்களில் சொல்கிறேன்.

## மரம்

நம் ஊரில் எந்த மரம் எந்த வேலைக்கு என்பதைக் கொல்லரும் ஆசாரியும் எப்போதோ பரீட்சை வைத்து முடித்துவிட்டார்கள். இறைச்சிக் கடையில் வெட்டுகிற கட்டை புளி. வண்டிச் சக்கரம், ஏர், மண்வெட்டிக் காம்பு எல்லாம் கருவேலம். கத்திப் பிடிக்கும் இந்த இரண்டுமே கனகச்சிதம். ஆனால் வைரம் பாய்ந்த நடுக்கட்டைதான் வேண்டும். வெளிப்பக்கத்து வெளிர் கட்டையை எடுத்தால் உளுத்துப் போகும், புளி குறிப்பாக.

கருவேலத்தில் துவர்ப்புச் சத்து அதிகம். கார்பன் ஸ்டீலோடு ஈரத்தில் ஒட்டியிருந்தால் தொடும் இடமெல்லாம் கருக்கும். துவர்ப்புள்ள கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான் இது. பிடிக்குக் கேடில்லை, பார்வைக்குத்தான் கறை. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் அரால்டைட் போன்ற எபாக்சிப் பசை பரவியிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

என்னைக் கேட்டால் பிடிக்கு முதல் தேர்வாக நான் சொல்வது பலர் முகம் சுளிக்கும் மரம்: சீமைக் கருவேலம். நீதிமன்றம் வரை போய் அகற்றச் சொல்லப்பட்ட அதே மரம்தான். அமெரிக்காவில் கத்தி செய்பவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் மெஸ்கீட் இதன் உடன்பிறப்பு. இந்தக் குடும்பத்து மரங்களின் பெரிய குணம், காயும்போது சுருங்குவது மிகக் குறைவு என்பதுதான். கட்டை கனமாக, கெட்டியாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். எண்ணெய் போட்டால் நிறம் இன்னும் ஆழமாகும். கரி போடுபவர்கள் இளசாகவே வெட்டிவிடுவதால் பருத்த கட்டை கிடைப்பதுதான் சிரமம். கண்மாய்க் கரையில் பழைய மரம் வெட்டும்போது சொல்லிவைத்து, மணிக்கட்டுக்கு மேல் பருமன் உள்ள துண்டாகக் கேளுங்கள். முள் குத்தினால் புண் சீக்கிரம் ஆறாது. கையுறை போடாமல் தொட வேண்டாம்.

இலவச மரத்தின் மறைமுக விலை காத்திருப்பு. பச்சைக் கட்டையில் பிடி போட்டால் வெடிக்கும், வளையும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. பிடிக்குத் தேவையான அளவுக்குச் சற்றுப் பெரிதாக, 12 முதல் 15 மில்லிமீட்டர் தட்டுகளாக அறுத்து, இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசி நிழலில் அடுக்கினால் அவ்வளவு காலம் ஆகாது. சமையலறைத் தராசில் வாராவாரம் எடை போட்டுத் துண்டின் மேலேயே எழுதிவையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. காத்திருக்க முடியாதவர்கள் பழைய ஜன்னல், கட்டில் கால், உடைந்த உலக்கை என்று இடிக்கப்பட்ட வீடுகளின் மரம் விற்கும் கடையில் தேடலாம். பல பருவங்கள் பார்த்துக் காய்ந்த மரம் அங்கேதான் இருக்கும்.

தேக்கு சுலபமாகக் கிடைக்கும், நனைந்தாலும் தாங்கும், அதிகம் அசையாது. ஆனால் மேலே சொன்ன மரங்களை விட மென்மையானது, துளைகள் திறந்திருக்கும், உள்ளே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் பக்கத்தைத் தின்னரிலோ அசிட்டோனிலோ துடைத்துவிட்டு உடனே ஒட்டாவிட்டால் சில மாதங்களில் பிரிந்து வரும்.

ஈட்டி மரத்தின் அழகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டி, நிறம், ரேகை எல்லாம் முதல் தரம். அதன் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சில் ஒவ்வாமையையும் கிளப்பும். ஈட்டி உட்பட டால்பெர்ஜியா இன மரங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைத்தால் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருங்காலி கேட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலை மோகம் பரவிய பிறகு கருப்புச் சாயம் ஏற்றிய ஏதேதோ மரம் அந்தப் பெயரில் விற்கிறது. உண்மையான கருங்காலியும் காயும்போது மயிரிழை வெடிப்பு விடும். பிடிக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பது என் கட்சி.

மரத்துக்கு எண்ணெய் எது? தேங்காய் எண்ணெய் காயவே காயாது. கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும், தூசியைப் பிடிக்கும். நல்லெண்ணெயும் முழுதாகக் காய்வதில்லை. காய்ந்து படலமாவது ஆளிவிதை எண்ணெய். மரக்கடை, பெயின்ட் கடைகளில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று கேட்டு, மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று நாலைந்து கை பூசலாம். இதில் ஒரு ஆபத்து உண்டு. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

## கொம்பும் எலும்பும்

மான் கொம்பைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடலாம். வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டில் தானாக உதிர்ந்து கிடந்த கொம்பு, தாத்தா காலத்துக் கொம்பு என்றெல்லாம் சொல்லி விற்க வருபவரிடம் வாங்கினாலும் சிக்கல் உங்களுக்குத்தான்.

எருமைக் கொம்பு அப்படியில்லை. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் ஊரில் கொம்பிலும் எலும்பிலும் கைவினைப் பொருள் செய்வது பெரிய தொழில். பிடிக்கென்றே அறுத்த தட்டுகள் இணையத்தில் கிடைக்கும். கொம்பு நம் நகத்தின் ஜாதி, கெரட்டின். மெருகேற்றினால் கறுப்புக் கண்ணாடி போல மின்னும். கையில் வைத்திருக்கச் சுகமாகவும் இருக்கும்.

ஆனால் பராமரிப்பு கேட்கும். ஈரத்தில் பெருக்கும், வெயிலில் சுருங்கும், மெல்லிய தட்டு வளைந்துகொள்ளும். அலமாரியில் கிடந்தால் கம்பளித் துணியை அரிக்கும் பூச்சி இதையும் அரிக்கும். தேய்க்கும்போது தலைமுடி பொசுங்கும் நாற்றம். அபார்ட்மென்டில் இருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வருவார்கள். வேகமாகத் தேய்த்தால் சூடேறி உள்ளேயே அடுக்கடுக்காகப் பிரியும். கொம்பு வாங்கினால் ஒரு மழைக்காலம் வீட்டிலேயே போட்டுவைத்து, அசைவது அசைந்த பிறகு தட்டையாக்கி ஒட்டுங்கள்.

எலும்பு கொம்பைவிட அசைவு குறைவு, ஆனால் கீழே விழுந்தால் வெடிக்கும். சரியாகக் கொழுப்பு நீக்காத எலும்பு கோடையில் எண்ணெய் கசிந்து மஞ்சளாகும், அரால்டைட்டும் பிடிக்காது. சுத்தம் செய்து வெளுக்கவைத்து விற்பதையே வாங்குங்கள். இரண்டின் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

எப்போது கொம்பு சரி? சின்னக் கத்தி, பரிசுக் கத்தி, தண்ணீர் படாத கத்தி. சமையலறையில் அதற்கு இடமில்லை.

## பேக்கலைட், மைகார்டா, ஜி10

மைகார்டா என்று வெளிநாட்டில் பெரிய விலைக்கு விற்பது, துணியையோ காகிதத்தையோ பீனாலிக் பிசினில் ஊறவைத்து அழுத்திய தகடு. அதையேதான் நம் ஊரில் மின்காப்புப் பொருள் விற்கும் கடைகளில் ஹைலம் ஷீட், துணி பேக்கலைட் என்ற பெயரில் காலங்காலமாக விற்கிறார்கள். பல்சக்கரம் வெட்டவும் மோட்டார் வேலைக்கும் வாங்கிப் போவார்கள். ‘காகித பேக்கலைட் வேண்டாம், துணி வைத்தது கொடுங்கள்’ என்று கேட்டு 6 அல்லது 8 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வாங்கினால் சில பிடிகள் வரும். கத்தி செய்பவர்களுக்கென்று விற்கும் மைகார்டாவுக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் சிரிப்பு வரும். நிறம் மட்டும் பழுப்புதான், தேர்வு கிடையாது.

தண்ணீர், எண்ணெய், பருவம் எதற்கும் இது அசையாது. 400 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டால் ஈரக் கையிலும் வழுக்காது. கண்ணாடி போல மெருகேற்றினால் அந்தக் குணம் போய்விடும். சமையலறைக்கும் தோட்டத்துக்கும் இதைத்தான் சொல்வேன்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் தூசியில். பீனாலிக் வாடை அடிக்கும் மஞ்சள் தூசி வீடு முழுக்கப் படியும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பறக்காது. ஜி10 இதற்கும் ஒரு படி மேல். அது கண்ணாடி இழையும் எபாக்சியும். இங்கே சொன்ன பொருள்களில் வலிமையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் டிரில் பிட்டும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கும், இழை தோலில் பட்டால் அரித்துக்கொண்டே இருக்கும், மூச்சில் போகவே கூடாது. கையால் அரம் போட்டுச் செய்கிறவருக்கு ஜி10 தேவையற்ற தண்டனை.

பழைய ஜீன்ஸ் துணியை எபாக்சியில் அடுக்கி வீட்டிலேயே மைகார்டா செய்வதும் உண்டு. வேடிக்கைக்கு நல்லது. எபாக்சிக்கு ஆகும் காசில் பேக்கலைட் வாங்கிவிடலாம்.

| | ஈரம் | பருவ அசைவு | கைக்கருவிக்கு | மறைந்திருக்கும் செலவு | எதற்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|
| சீமைக் கருவேலம், கருவேலம், புளி | எண்ணெய் பூசினால் தாங்கும் | குறைவு முதல் நடுத்தரம் | கெட்டி, பொறுமை வேண்டும் | காயவைக்கும் காலம் | தோட்டம், பொது வேலை |
| தேக்கு | நன்றாகத் தாங்கும் | குறைவு | சுலபம் | ஒட்டும் முன் துடைப்பு | முதல் முயற்சி |
| ஈட்டி | தாங்கும் | குறைவு | நன்று | தூசி ஒவ்வாமை, அனுப்பும்போது விதிகள் | பரிசுக் கத்தி |
| எருமைக் கொம்பு | தாங்காது | அதிகம் | சுலபம், நாற்றம் | பூச்சி, வளைவு, பராமரிப்பு | சின்னக் கத்தி, அலமாரி |
| துணி பேக்கலைட் | கவலையில்லை | இல்லை | முடியும் | தூசி, வாடை | சமையலறை, கடலோரம் |
| ஜி10 | கவலையில்லை | இல்லை | கடினம் | பிட், முகமூடி | மெஷின் உள்ளவர்களுக்கு |

## இரண்டு தட்டா, வால் இறக்குவதா

பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் பொருத்தும் முறை தவறினால் பலனில்லை. அலகின் இரும்பு பிடியின் முழு உருவத்துக்கும் நீண்டு, இரண்டு பக்கமும் தட்டு வைத்து ஆணி அடிப்பது ஒரு வழி. இரும்பு ஒடுங்கி வாலாகி மரத்துக்குள் இறங்கி, வாயில் பூண் போடுவது நம் அரிவாள் வழி.

தட்டு முறை வீட்டில் செய்பவருக்குச் சுலபம். டிரில், 5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, அரால்டைட், நாலு கிளாம்ப் போதும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையைத் தொடாதீர்கள். மெதுவாக இறுகுவதை வாங்கி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். கிளாம்பை முறுக்கிப் பிழிந்தால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. இரும்பையும் தட்டையும் 80 நம்பர் தாளால் சொரசொரப்பாக்குவது பசைக்குப் பாதி பலம். குறை என்னவென்றால் இரும்பின் விளிம்பு வெளியே தெரியும், அங்கே துரு வரும், மரம் அசைந்தால் கைக்குத் தெரியும். சாதாரண எபாக்சி 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும் என்பதால் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் இந்தக் கத்தியை விட்டுப் போகாதீர்கள்.

வால் முறையில் இரும்பு முழுக்க மரத்துக்குள் இருக்கிறது. மரம் கொஞ்சம் அசைந்தாலும் கை உணராது. கத்தி எடை குறையும். பட்டறையில் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்குவார்கள். தானே துளை எரித்துக்கொண்டு கச்சிதமாக உட்காரும். வீட்டில் இதைச் செய்தால் வாலின் சூடு அலகுக்கு ஏறிவிடும். விளிம்பு பக்கம் நீல நிறம் ஓடினால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அலகில் ஈரத்துணியைச் சுற்றிவையுங்கள். அதைவிட நல்லது, அதே அளவுள்ள வேறொரு கம்பியைக் காய்ச்சித் துளையைப் போட்டுக்கொண்டு, வாலை அரக்கில் பதிப்பது. அரக்கோடு செங்கல் பொடி கலந்து நிரப்புவது பழைய முறை. பிடி ஆடினால் சூடு காட்டி இளக்கி மறுபடி போடலாம். அரால்டைட்டில் அந்த வசதி கிடையாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பேக்கலைட் என்றால் தட்டு முறை, நாட்டு மரம் என்றால் வால் முறை என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கொம்புத் தட்டுக்கு ஆணி கட்டாயம். பசையை மட்டும் நம்பினால் முதல் கோடையிலேயே தூக்கிக்கொள்ளும்.

## உறை: பட்டைத் தோலா, குரோம் தோலா

பிடிக்குப் பத்து நாள் யோசிப்பவர்கள் உறைக்குப் பழைய ஹேண்ட்பேக்கை வெட்டுகிறார்கள். துருப்பிடிக்கும் அலகு அதிகம் கெடுவது அந்த ஹேண்ட்பேக் தோலில்தான்.

தோலை இரண்டு விதமாகப் பதனிடுகிறார்கள். தாவரத் துவர்ப்பில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவது ஒன்று, இதுதான் பட்டைத் தோல். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் இப்படிப் பதனிட்ட தோல் மெட்ராஸ் வழியாகக் கப்பலேறிய காலத்திலிருந்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று பெயர் பெற்றது, இன்று புவிசார் குறியீடும் வைத்திருக்கிறது. இன்னொன்று குரோமிய உப்பில் பதனிடுவது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூவின் மேல்பாகத்துக்கும் ஹேண்ட்பேக்குக்கும் போகும் தோல் பெரும்பாலும் இந்த ரகம். மெத்தென்று இருக்கும், எந்த நிறத்திலும் கிடைக்கும், நனைந்தாலும் சுருங்காது, விலையும் தோது.

உறைக்குக் குரோம் தோல் ஏன் ஆகாது என்பதற்கு மூன்று காரணங்கள். உள்ளே மிஞ்சிய உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து கார்பன் ஸ்டீலை அரிக்கும். மெத்தென்று இருப்பதால் கத்தியின் வடிவத்தை எடுத்துக்கொள்ளாது. ஷூ தோல் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். முனை குத்தி வெளியே வந்தால் தொடையில் இறங்கும். ஸ்டெயின்லெஸ் மடக்குக் கத்திக்குப் பை தைக்க வேண்டுமானால் குரோம் தோல் தாராளமாகப் போதும், அதற்கு அது நல்லதும்கூட.

பட்டைத் தோலைத் தண்ணீரில் நனைத்தால் களிமண் மாதிரி வளையும், காய்ந்ததும் அப்படியே நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் குமிழி நிற்கும் வரை ஊறவைத்து, அலகுக்கு எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே செருகி, விரலால் அழுத்திப் பிடியின் உருவத்தை எடுக்க வேண்டும். பிறகு கத்தியை உருவிவிட்டு நிழலில் ஒரு நாள். வெயிலில் வைத்தால் மொறுமொறுவென்று வெடிக்கும். கடைசியில் தேன்மெழுகைச் சூடாக்கித் தேய்த்தால் ஈரம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கடைக்காரர் எல்லாத் தோலையும் ‘நேச்சுரல்’ என்றுதான் சொல்வார். ஒரு நகத்தளவு துண்டு வாங்கி வந்து கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு சின்னதாகிவிடும், குரோம் தோல் அப்படியே இருக்கும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம்தான். தண்ணீர்ச் சொட்டு விட்டதும் உறிஞ்சிக் கருத்தால் பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம், மேலே மெருகு பூசியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும்.

கனம்தான் அடுத்த தலைவலி. ஈ.ஐ. தோலில் ஆடு, செம்மறித் தோல் நிறைய. உறைக்கு மெலிது. உங்களுக்கு வேண்டியது 3 மில்லிமீட்டர் மாடு அல்லது எருமை. கான்பூரில் குதிரைச் சேணத்துக்குச் செய்யும் தோல் இதற்குப் பொருத்தம். சென்னை என்றால் பெரியமேட்டில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே முழுத்தோலாக, சதுர அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு உறைக்கு ஒரு சதுர அடிகூட ஆகாது. வெட்டுத் துண்டுகளைத் தனியாகக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் தடித்த தோல் செருப்புத் தைப்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். விறைப்பு அதிகம், வளைக்கக் கை வலிக்கும், ஆனால் உறை கல் போல நிற்கும்.

பட்டைத் தோலும் அப்பாவி இல்லை. அதிலும் அமிலம் உண்டு, துவர்ப்பு உண்டு. கார்பன் ஸ்டீல் பட்ட இடம் கருக்கும், பித்தளை ஆணி பச்சை பூக்கும். அடைமழையில் வெள்ளைப் பூஞ்சை வரும். உறை என்பது கத்தியைத் தூக்கிக்கொண்டு போக. வீட்டுக்கு வந்ததும் கத்தியை உருவி, எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள். இதைச் செய்ய மாட்டேன் என்பவர் ஸ்டெயின்லெஸ் அலகு வாங்குவதே மேல்.

## கைத்தையலா, மெஷினா

தெருமுனையில் கொடுத்து மெஷினில் அடித்து வாங்கினால் அரைமணி நேரத்தில் முடிந்தது. மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கத்தி ஓரிடத்தில் அறுத்தால் வரிசையாகப் பிரியும். சாதாரண மெஷின் மூன்று அடுக்குக் கனத்தைத் தாங்காது என்பதும் உண்டு. கையில் இரண்டு ஊசி, ஒரே நூல் வைத்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் இழுக்கும் சேணத் தையலில் ஒரு இழை அறுந்தாலும் மற்றது நிற்கும். முள்கரண்டியால் துளையின் இடைவெளியை அழுத்திக் குறித்து, குத்தூசியால் துளைத்து, தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு மெழுகு நூல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் போகும்.

எந்த வழியானாலும் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே அலகின் கனத்துக்கு ஒரு பட்டைத் தோல் துண்டு வைக்காமல் தைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை செருகும்போதும் கத்தியின் கூர் நேராக நூலில்தான் இறங்கும். முனைப் பக்கம் ஒரு சின்னத் துளை விட்டால் உள்ளே போன தண்ணீர் வடியும்.

## தோலே வேண்டாத கத்திகள்

சமையல் கத்திக்குத் தோல் உறை தைக்க ஆசைப்படுபவர்கள் நிறைய. மீன் வெட்டிய கத்தியை எவ்வளவு கழுவினாலும் தோல் அந்த ஈரத்தையும் வாடையையும் வாங்கிக்கொள்ளும், அதைக் கழுவவும் முடியாது. ஜப்பானில் சமையல் கத்திக்கு மர உறைதான் போடுகிறார்கள். நம் ஊரில் குமிழ் மரம் அதற்கு வசதி. எடை குறைவு, அசைவு குறைவு, உளிக்கு இணங்கும். இரண்டு பலகை எடுத்து, ஒவ்வொன்றிலும் அலகின் பாதிக் கனத்துக்குக் குடைந்து ஒட்டினால் போதும். பிரித்துக் கழுவ வேண்டும் என்றால் ஒட்டாமல் இரண்டு ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

இடுப்பில் மாட்டும் உறை தைக்கப் போகிறவர்களுக்கு: வீடு, விவசாயம், தொழில் ஆகிய வேலைகளுக்கென்று செய்யாத கத்தியில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளின் வரம்புக்குள் வருகிறது. அளவு குறைவாக இருந்தாலும் மெட்ரோ வாசலிலும் விமான நிலையத்திலும் எந்த உறையும் உதவாது. தோட்டத்துக்குப் போகும் கத்தி தோட்டத்திலேயே இருக்கட்டும்.

கத்தியை யாருக்காவது பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள், அவர் எண்ணெய் தடவுவாரா மாட்டாரா என்று தெரியாது என்றால் ஸ்டெயின்லெஸ் அலகு, துணி பேக்கலைட் தட்டு, பித்தளை ஆணி மூன்று, 3 மில்லிமீட்டர் பட்டைத் தோல் உறை. அவருக்கு மர வேலையில் ஆசை உண்டு, அரமும் உப்புத்தாளும் வீட்டில் இருக்கின்றன என்றால் சீமைக் கருவேலத்தில் வால் இறக்கி, எண்ணெய் பூசாமல் கொடுங்கள். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.